கீமோவில் மரத்த கால்கள்: நீவலாம், உருவக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீமோ என்றால் முடி கொட்டும், வாந்தி வரும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். கொட்டிய முடி சில மாதங்களில் முளைத்துவிடுகிறது. வாந்திக்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. சிகிச்சை முடிந்த பிறகும் பலரை விடாமல் பிடித்துக்கொள்வது வேறொன்று. விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறும் மதமதப்பு அது. பஞ்சு மேல் நடப்பதுபோல் இருக்கிறது, செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை, ஊக்கு மாட்ட முடியவில்லை, மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்க முடியவில்லை என்று நோயாளிகள் வெளி பெஞ்சில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். உள்ளே மருத்துவரிடம் பலர் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய்ச் சுடச்சுட எண்ணெய் தேய்க்கிறார்கள், ஒத்தடம் கொடுக்கிறார்கள், பேரப்பிள்ளையைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்கிறார்கள். கை கால்களை முறையாகத் தேய்த்துவிடுவது இந்த வேதனையைக் குறைக்கக்கூடும். முறை தவறினால் புண்ணிலும் எலும்பு முறிவிலும் போய் முடியும். அந்த முறையை வீட்டாருக்கு யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறோம்.

2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 31 ஆய்வுகளில் இருந்த 4,179 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கீமோ முடிந்த முதல் மாதத்தில் 68 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. மூன்றாம் மாதத்தில் அது 60 விழுக்காடு. ஆறு மாதம் கடந்த பிறகும் 30 விழுக்காட்டினருக்கு விடவில்லை. எல்லாக் கீமோ மருந்தும் இப்படிச் செய்வதில்லை. மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் தரும் பாக்லிடாக்செல், டோசிடாக்செல், பெருங்குடல் புற்றுக்கான ஆக்சாலிபிளாட்டின், தலை, கழுத்துப் புற்றுக்கும் கருப்பை வாய்ப் புற்றுக்கும் தரும் சிஸ்பிளாட்டின், ரத்தப் புற்றுக்கான வின்கிரிஸ்டின், எலும்பு மஜ்ஜைப் புற்றான மயலோமாவுக்கான போர்டிசோமிப் ஆகியவை முக்கியமானவை. தங்களுக்கு ஏறும் மருந்தின் பெயரை நோயாளியும் உடனிருப்பவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கால் தேய்ப்பதிலும் மருந்துக்கு மருந்து கவனிக்க வேண்டியவை மாறுகின்றன.

உணர்ச்சி நரம்பின் உயிரணு முதுகுத்தண்டை ஒட்டிய முடிச்சில் இருக்கிறது. அதன் இழையோ கால் கட்டைவிரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். உயிரணுவில் உருவாகும் சத்து நுண்குழல்கள் வழியாக அந்தத் தூரம் முழுவதும் பயணப்பட வேண்டும். பாக்லிடாக்செல் அந்தக் குழல்களை விறைத்துப்போக வைக்கிறது, வின்கிரிஸ்டின் அவற்றைக் கட்டவே விடுவதில்லை. வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் முதலில் காய்வது கடைமடைதானே? அதனால்தான் இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, காலுறை போட்ட உயரம்வரை ஏறி, பிறகு கைவிரல்களுக்கு வருகிறது. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகள் வாய்க்காலை விட்டு ஏரியையே தாக்குபவை. முடிச்சில் உள்ள உயிரணுவையே அவை கெடுப்பதால், மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் மதமதப்பு கூடிக்கொண்டே போகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தேய்த்ததால்தான் அதிகமாயிற்று என்றோ, புற்று திரும்பிவிட்டது என்றோ குடும்பமே கலங்கிப்போகும்.

இதிலிருந்தே ஓர் உண்மை புரியும். காலைத் தேய்ப்பதால் செத்த நரம்பு முளைக்காது. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குபவர்களை நம்ப வேண்டாம். மசாஜ் செய்வது வேறு வேலை. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தன்னையறியாமல் தேய்க்கிறோமே, அப்போது தொடு உணர்வைக் கொண்டுபோகும் பருத்த நரம்பு இழைகள் முதுகுத்தண்டில் வலிச் செய்தியின் கதவைச் சாத்துகின்றன. மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் 1965இல் முன்வைத்த விளக்கம் இது. கூடவே விறைத்த கெண்டைக்கால் தசை இளகுகிறது, தூக்கம் வருகிறது, பயந்து சுருண்ட உடல் கொஞ்சம் விரிந்துகொடுக்கிறது. எரிச்சலும் குத்தலும் இருப்பவர்களுக்குப் பலன் கூடுதல், வெறும் மரப்பு மட்டும் இருப்பவர்களுக்குக் குறைவு என்பது எங்கள் கணிப்பு.

ஆய்வுகள் சிறியவைதான், ஆனால் இருக்கின்றன. 2019இல் துருக்கியில் 40 பெண்களிடம் நடந்த ஆய்வில், வாராவாரம் பாக்லிடாக்செல் ஏற்றுவதற்கு முன் கைகால்களுக்கு மசாஜ் கொடுத்தார்கள். 12ஆம் வாரத்தில் மசாஜ் பெற்றவர்களுக்கு நரம்பு வலி குறைவாக இருந்தது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2022இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வு 71 பேரிடம் நடந்தது. கீமோ முடித்தும் கால் பாதிப்பு நீங்காதவர்கள் அவர்கள். சிலருக்குக் காலிலும் சிலருக்குத் தலை, கழுத்து, தோளிலும் மசாஜ். மொத்தம் 12 அமர்வுகள், வாரம் மூன்று வீதம் நான்கு வாரம் அல்லது வாரம் இரண்டு வீதம் ஆறு வாரம். காலில் செய்தாலும் கழுத்தில் செய்தாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. வாரம் மூன்று முறை பெற்றவர்களுக்கே பலன் கூடுதலாகத் தெரிந்தது. இதில் நமக்கு இரண்டு பாடம். எப்போதோ ஒருநாள் ஒரு மணி நேரம் தேய்ப்பதைவிட, வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் மேல். பாதத்தைத் தொட முடியாத நிலையில் இருப்பவருக்குத் தோளையும் கழுத்தையும் நீவிவிட்டாலும் வீண்போகாது.

இனி, வீடுகளில் நடக்கும் தவறுகள். இவற்றைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

முதல் தவறு சூடு. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, அதனால் இன்னும் கொஞ்சம் சூடாக வை என்று நோயாளியே கேட்பார். மணல் ஒத்தடம், உப்பு ஒத்தடம், செங்கல் ஒத்தடம், வெந்நீர்ப் பை எல்லாமே தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கீமோ உடலில் அந்தப் புண் ஆற வாரக்கணக்காகும், அடுத்த சுற்று கீமோ தள்ளிப்போகும். எண்ணெயைக் காய்ச்சவே வேண்டாம். அறை வெப்பத்தில் இருந்தால் போதும். குளிர்காலத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்து, தேய்ப்பவர் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் விட்டுப் பார்க்கட்டும். வெதுவெதுப்பு என்பதே மேல் எல்லை. காலை நீரில் ஊற வைத்தாலும் 38 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது, அதைச் சோதிக்கும் கை நோயாளியுடையதாக இருக்கக் கூடாது.

இரண்டாவது, பலம். வலிக்க வலிக்க உருவினால்தான் நரம்பு விடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. காலில் ஏறி மிதிப்பது, விரல்களில் சொடக்கு எடுப்பது, கூழாங்கல் பலகையில் நிற்பது, கடைகளில் விற்கும் அழுத்தும் இயந்திரத்தில் காலைச் செருகுவது எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து வருபவை. கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அப்போது அழுத்தினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். எலும்புக்குப் பரவிய புற்று இருந்தால் சொடக்கு எடுக்கும் விசையே முறிவுக்குப் போதும். கெண்டைக்கால் ரத்தக் குழாயில் உறைவு இருந்தால் உருவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. புற்றுநோயாளிகளுக்கு இப்படி உறைவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

மூன்றாவது, தைலம். எரிச்சலூட்டும் வலி தைலங்கள் மரத்த தோலில் எவ்வளவு சுட்டாலும் தெரியாது. பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. ரத்த உறைவுக்காக வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அதைப் பூசித் தேய்த்தால் ரத்தக் கசிவு கூடலாம். சாதாரண தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும், ஒரு பாதத்துக்கு ஒரு தேக்கரண்டி. கை வழுக்கிப் போவதற்குத்தான் எண்ணெய், மருந்தாக அல்ல.

பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரைக்கு நல்லது என்று நித்தியகல்யாணியைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. வின்கிரிஸ்டின் பிரித்தெடுக்கப்படுவது அதே செடியிலிருந்துதான். கீமோ நடக்கும்போது அந்தக் கஷாயம் வேண்டவே வேண்டாம்.

காலில் கை வைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, நகக்கண் எல்லாவற்றையும் பாருங்கள். கொப்புளம், வெட்டு, சீழ், புதிய சிவப்பு இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். புறங்கையால் இரண்டு கெண்டைக்கால்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக, வீங்கி, அழுத்தினால் வலித்தால் அன்று மசாஜ் கிடையாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தையல் நாடாவால் அளக்கலாம். முழங்கால் சிப்பிக்குச் சற்றுக் கீழே முன்னெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் சுற்றி அளந்தால், 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருப்பது எச்சரிக்கை. அளவு சரியாக இருந்தாலும் மற்ற அறிகுறிகள் இருந்தால் பொறுத்திருக்க வேண்டாம். காய்ச்சல் 38 பாகை அல்லது பாரன்ஹீட்டில் 100.4ஐத் தொட்டால் தேய்ப்பதை மறந்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்க்க வேண்டும். தட்டணுக்கள் 50,000க்குக் கீழ் இருந்தால் பிசைவது கூடாது, தோலில் எண்ணெய் பூசும் அளவுக்குத் தடவினால் போதும். 20,000க்குக் கீழ் என்றால் கையைப் பாதத்தின் மேல் சும்மா வைத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் ஆறுதல்தான். எலும்புக்குப் பரவல் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கீமோ ஏறிய முதல் 48 மணி நேரம் வியர்வையிலும் மற்றக் கழிவுகளிலும் மருந்து கலந்து வரலாம். அந்த நாட்களில் தேய்ப்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கருவுற்ற பெண்கள் அந்த இரண்டு நாளும் வேறு யாரிடமாவது இந்த வேலையை விட்டுவிடட்டும்.

செய்முறைக்கு வருவோம். தேய்ப்பவர் நகம் வெட்டி, மோதிரமும் வளையலும் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும். நோயாளி சாய்ந்து படுத்து, முழங்காலுக்குக் கீழ் ஒரு தலையணை. முதலில் இரண்டு உள்ளங்கையாலும் பாதத்தை மேலும் கீழுமாகப் பொத்தி அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். பிறகு விரல் நுனியிலிருந்து கணுக்கால் தாண்டி முழங்காலுக்குக் கீழ்வரை, கீழிருந்து மேலாக, உள்ளங்கை முழுவதும் படும்படி பத்து முறை நீவுங்கள். அடுத்து உள்ளங்கால். இரண்டு கட்டைவிரலின் சதைப்பகுதியால் குதிகாலிலிருந்து விரல் மேடுவரை சிறு வட்டங்களாக நகர்த்துங்கள். நகமோ விரல் முட்டியோ படக் கூடாது. பாதத்தின் மேற்புறத்தில் எலும்புகளுக்கு இடையே ஓடும் பள்ளங்களை விரலால் மெல்லக் கோதுங்கள். ஒவ்வொரு விரலையும் பக்கவாட்டில் பிடித்து அடியிலிருந்து நுனிவரை உருட்டி, லேசாக நீட்டி விடுங்கள், சொடக்கு வேண்டாம். குதிகாலை ஒரு கையில் தாங்கிக்கொண்டு கணுக்காலை இருபுறமும் பத்துப் பத்துச் சுற்று. கெண்டைக்காலை மாவு பிசைவதுபோல் அழுத்தாமல், கைக்குள் அள்ளி அள்ளி விடுங்கள். கடைசியில் மறுபடியும் நீண்ட நீவல் பத்து. ஒரு காலுக்குப் பத்து நிமிடம், ஒரு கைக்கு ஐந்து நிமிடம் என்று மொத்தம் அரை மணி நேரம்.

கைக்கும் இதே வரிசைதான். உள்ளங்கையை நடுவிலிருந்து இருபுறமும் விரித்துவிடுவதையும், கட்டைவிரல் சதை மேட்டையும் விட்டுவிடாதீர்கள். கைவிரல்களில் நரம்பு நுனிகள் பக்கவாட்டில் ஓடுவதால், விரலின் மேலும் கீழும் தேய்ப்பதோடு இரண்டு பக்கங்களையும் பிடித்து நீவ வேண்டும்.

எவ்வளவு அழுத்துவது என்பதுதான் கடினமான கேள்வி. ‘வலிக்கிறதா, போதுமா’ என்று கேட்டுக் கேட்டுத் தேய்ப்பதே நம் பழக்கம். மரத்த பாதத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வராது. ஆகவே உணர்ச்சி நன்றாக இருக்கும் முழங்காலுக்கு அருகிலோ முன்கையிலோ முதலில் அழுத்திப் பார்த்து, இதமாக இருக்கிறது என்று நோயாளி சொல்லும் அளவைக் கையில் நினைவு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் பாதத்துக்கு இறங்க வேண்டும். தேய்த்த இடம் சிவந்தால் பத்து நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அழுத்தம் அதிகம். மறுநாள் நீலம் பாய்ந்திருந்தால் தட்டணுக்களைப் பார்க்கும்வரை நிறுத்திவிடுங்கள்.

முடிந்ததும் உடனே எழுந்திருக்க விடாதீர்கள். உள்ளங்கால் எண்ணெயைத் துண்டால் துடைத்து, செருப்பு மாட்டி, பிறகே தரையில் கால் வைக்க வேண்டும். ஏற்கெனவே தரை தெரியாத பாதம், அதில் எண்ணெய், கீழே வழுவழுப்பான டைல்ஸ். மசாஜ் முடிந்து நடந்த முதல் நான்கடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அத்தனையும் பாழ்.

மருந்துக்கு மருந்து மாறுவது என்றோமே, அதில் ஆக்சாலிபிளாட்டின் தனி. ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்னும், குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். அந்த நாட்களில் குளிர்ந்த கை, குளிர்ந்த எண்ணெய், ஜில்லென்ற எவர்சில்வர் தட்டு எதுவும் படக் கூடாது. பாக்லிடாக்செல் ஏறும்போது நரம்பைக் காக்க உறைகுளிர்க் கையுறை போடும் முறை சில மருத்துவமனைகளில் உண்டு. ஜப்பானில் 2018இல் வெளிவந்த ஆய்வு அதற்குச் சாதகமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஆக்சாலிபிளாட்டின் ஏறுபவரின் கையில் ஐஸ் வைத்துவிடாதீர்கள்.

பெருங்குடல் நோயாளிகளில் பலர் ஆக்சாலிபிளாட்டினோடு கேப்பசிடபின் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரையால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து, எரிந்து, உரியும். நோயாளி இரண்டையும் ஒரே சொல்லில் ‘எரிச்சல்’ என்றுதான் சொல்வார். நரம்புப் பாதிப்பில் தோல் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். மாத்திரையின் விளைவில் தோலே சிவந்து வீங்கியிருக்கும். பின்னதில் தேய்த்தால் உராய்வில் தோல் கழன்றுவரும். சிவப்பு இருந்தால் கிரீம் பூசுவதோடு நிறுத்தி, மாத்திரை அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிலருக்குப் போர்வை பட்டாலே தாங்காது. இவர்களுக்கு மெல்லத் தடவுவதுதான் மிகப் பெரிய வேதனை. அசையாத, நிதானமான பிடியைத் தாங்கிக்கொள்வார்கள். தளர்வான பருத்திக் காலுறை மாட்டி, அதன் மேல் இரண்டு கையாலும் பிடித்து ஒரு நிமிடம் வையுங்கள், விடுங்கள், மறுபடி வையுங்கள். சில நாளில் பழகினால் அடுத்த படிக்குப் போகலாம். பழகாவிட்டால் தோளும் கழுத்தும் இருக்கின்றன. மார்பக அறுவையில் அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் பிசையவே கூடாது. மிக லேசாக, விரலிலிருந்து தோள் நோக்கி மட்டும் நீவலாம். கை ஏற்கெனவே வீங்கியிருந்தால் நிணநீர் வீக்கப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் விட்டுவிடுவதே சரி. மருந்தேற்றும் நீண்ட குழாய் (பிக் லைன்) போட்ட கை, தோலுக்கடியில் மருந்தேற்றும் கருவி (போர்ட்) வைத்த மார்புப் பகுதி, கதிர்வீச்சில் கருகிய தோல், இவற்றின் அருகே போக வேண்டாம். வின்கிரிஸ்டின் பெறும் குழந்தைகளுக்குப் பாதம் தொங்கிப்போய், குதிகால் தசைநாண் இறுகி, நுனிக்காலில் நடக்கத் தொடங்குவார்கள். அவர்களுக்கு நீவுவதைவிட, முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை முகம் நோக்கி மடக்கி 30 விநாடி பிடிப்பது முக்கியம். காலை, மாலை ஐந்தைந்து முறை.

மசாஜ் தனியாக நிற்காது, அதோடு உடற்பயிற்சியும் சேர வேண்டும். சமநிலைப் பயிற்சிக்கு இப்போது மசாஜைவிட வலுவான சான்று இருக்கிறது. 2024இல் ஜெர்மனியிலிருந்து வெளியான ஆய்வில், ஆக்சாலிபிளாட்டினோ, வின்கிரிஸ்டின் போன்ற வின்கா வகை மருந்தோ பெறுபவர்கள் வாரம் இருமுறை செய்த சமநிலைப் பயிற்சி நரம்புப் பாதிப்பு வருவதையே பாதிக்கும் மேல் குறைத்தது. சுவரோரம் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 20 விநாடி நிற்பது, ஒரு குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது போன்றவை வீட்டில் செய்யக்கூடியவை, ஆனால் அருகில் ஆள் வேண்டும். கைக்கு ஒரு கிண்ணம் அரிசியில் நாணயம், கொண்டைக்கடலை, பொத்தான் போட்டு, கண்ணை மூடித் துழாவி எடுத்துப் பெயர் சொல்லும் பயிற்சி. கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறவர் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் கழுவ வேண்டும். வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். மதிய வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லும், 14 கிலோமீட்டர் கிரிவலமும் மரத்த காலுக்கு எத்தகைய சோதனை என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான, மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, குதிகாலில் வார் வைத்தது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒன்றாக இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதைப் பற்றி வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், புற்று திரும்பிவிடும் என்ற பயம் அது. பயம் நியாயமானது, முடிவு தவறு. அளவைக் குறைப்பதும் இடைவெளி விடுவதும் மருந்தை மாற்றுவதும் சிகிச்சையைக் கைவிடுவது ஆகாது. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றில் 12,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதம் மட்டும் ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ பெற்றவர்களிடம் நரம்புப் பாதிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததைக் காட்டியது. அவர்களில் அபாயம் குறைந்த பிரிவினருக்கு, குறிப்பாகக் கேப்பசிடபினோடு சேர்த்துத் தரும் முறையில், மூன்று மாதமே போதும் என்பதும் அதில் தெரிந்தது. யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க அவருக்கு விரல் நுனியின் நிலைமை தெரிய வேண்டுமே.

வலிக்கு மாத்திரை உண்டா என்றால், ஓரளவு சான்றுள்ளது டுலாக்செடின் ஒன்றுதான். ஒரு வாரம் 30 மில்லிகிராம், பிறகு 60 என்று ஏற்றுவார்கள். மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை டுலாக்செடின் தடுக்கக்கூடும். நரம்புச் சத்து என்று கடையில் தானாக வாங்கும் மாத்திரைகளில் பி6 அளவைப் பாருங்கள். நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட நாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12 குறைவு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்வது நல்லது, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் கட்டாயம். இரண்டு காலும் திடீரென்று பலமிழந்து, முதுகு வலித்து, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனால் அது கீமோ மரப்பு அல்ல. முதுகுத்தண்டு அழுந்துகிறது என்று பொருள். அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அரசு, தனியார் மருத்துவமனைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளிடம் எங்கள் வேண்டுகோள் இது. பாக்லிடாக்செல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும்போது மூன்று மணி நேரம் ஓடுகிறது, ஆக்சாலிபிளாட்டின் இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் உடன் வந்தவர் வெளியே மரத்தடியிலோ வராந்தாவிலோ காத்துக் கிடக்கிறார். அந்த நேரத்தில் ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்கார வைத்து, ஒரு செவிலியரோ இயன்முறை மருத்துவரோ அரை மணி நேரம் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ஊக்கு மாட்ட முடிகிறதா, செருப்பு கழன்றது தெரிகிறதா, இருட்டில் தள்ளாடுகிறதா என்று மூன்றே கேள்வி கேட்டு, 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக் கோப்பில் எழுதுங்கள். நீரிழிவுப் பிரிவில் இருக்கும் அதே இழைதான், புதிதாக வாங்கக்கூட வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே போகின்றன. பக்கவாதம் வந்தவரின் கையை மடக்கி நீட்டிவிடப் போகும் அதே பணியாளர், அடுத்த தெருவில் கீமோ முடித்தவரின் பாதத்தையும் பார்க்கட்டும். அதற்கு ஒரு நாள் பயிற்சியும், தட்டணு எண்ணிக்கையையும் எலும்புப் பரவலையும் எழுதிய ஒரு சீட்டும் தேவை. அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியது கீமோ கொடுத்த மருத்துவமனை. வீட்டிலிருப்பவர்கள் ஒரு நோட்டில் தேய்த்த தேதியையும், எரிச்சலுக்குப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை ஒரு மதிப்பெண்ணையும் எழுதிவைக்கட்டும். 12 அமர்வு முடிந்த பிறகும் எண் இறங்காவிட்டால், அந்த நோட்டோடு மருத்துவரிடம் போய் வேறு வழி கேளுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்களும் செவிலியர்களும்,
மதுரை.